துண்டு டப்பா

தண்ணீர் குடிக்காமல் ஒரு பகலை ஓட்டுவது எப்படி என்று நான் மருந்துக் கடையில்தான் கற்றுக்கொண்டேன். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அரை டம்ளர் காபி. மதியம் சோற்றோடு தொண்டையை நனைக்க இரண்டு மடக்கு. அவ்வளவுதான். வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொம்பைத் தூக்கி அண்ணாந்து குடிப்பேன். பார்த்துப் பார்த்து என் கணவருக்கும் பழகிவிட்டது. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் "தண்ணி நெறைய குடிங்க" என்று சொல்லி மருந்து கொடுக்கிறவள் நான். அதற்கென்றே படித்துப் பட்டயம் வாங்கியவள். என்னைப் போல ஒரு கோமாளி எந்த சர்க்கஸிலும் கிடைக்கமாட்டாள்.

எங்கள் முதலாளிக்கு விழுப்புரத்தில் இரண்டு கடைகள். அதில் ஒன்றில் ஒன்பது வருஷம் நின்றேன். அந்தக் கடைக்கு மேல் மாடியில் ஒரு கிளினிக் இருந்தது. அதன் கழிவறைச் சாவி ஒன்று எங்கள் கல்லாவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். அது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று அப்போது தெரியவில்லை. பிறகு அவர் திண்டிவனத்தில், பஸ் நிலையத்துக்கு எதிரே மூன்றாவது கடையைத் திறந்தார். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வந்து, "திங்கக்கெழமைலேர்ந்து நீயும் பில் போடற பொண்ணும் திண்டிவனம் போயிடுங்கம்மா" என்றார். முடியுமா என்று கேட்கவில்லை. சொன்னார், அவ்வளவுதான். விழுப்புரத்திலிருந்து போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், நடுவில் பத்து மணி நேரம் நிற்பது. புதுக் கடையில் கண்ணாடிக் கதவு இருந்தது, ஏசி இருந்தது, தரையில் முகம் பார்க்கலாம். கழிவறை மட்டும் இல்லை.

எதிரே பஸ் நிலையத்தில் கட்டணக் கழிப்பிடம் உண்டு. சாலையைத் தாண்டி, பஸ்களுக்கு நடுவே நுழைந்து, வரிசையில் நின்று, மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டு வர இருபது நிமிஷம் ஆகும். கடையில் இருந்த ஆண்கள் இரண்டு பேரும் பின்பக்கச் சந்தில் ஒதுங்கிவிட்டு ஒரு நிமிஷத்தில் வந்துவிடுவார்கள். நாங்கள் ஒருமுறை போய் வருவதற்குள் கேமரா பேசிவிடும்.

ஆமாம், அந்தக் கேமரா பேசும். கவுண்டருக்கு மேல் வெள்ளையாக உருண்டையாக ஒன்றைப் பொருத்தியிருந்தார். விழுப்புரத்தில் உட்கார்ந்துகொண்டு செல்போனில் எங்களைப் பார்ப்பார். பார்ப்பதோடு நிற்காமல் குரலும் கொடுப்பார். "இன்னாம்மா, கவுண்டர்ல ஆளையே காணோம்? கஸ்டமரு எவ்ளோ நேரம் நிக்கறாரு பாரு." வாடிக்கையாளர்கள் திடுக்கிட்டு மேலே பார்ப்பார்கள். கழிப்பிடத்திலிருந்து திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது, கூட்டத்துக்கு முன்னால் அந்தக் குரல், "எங்க போய்ட்டு வர்றீங்க ரெண்டு பேரும்?" என்று கேட்டது ஒரு நாள். அன்றோடு தண்ணீரைக் குறைத்துக்கொண்டோம்.

பில் போடும் பெண்ணுக்கு இருபத்தாறு வயது. கல்யாணமாகி மூன்று வருஷம். பிறந்த வீடு திருவெண்ணெய்நல்லூர் பக்கம், புருஷன் விழுப்புரத்தில் கொத்து வேலை. அந்தக் குரலை அப்படியே பேசிக் காட்டுவாள். பஸ்ஸில் எனக்குத் தூக்கம் வந்து தலை சாய்ந்தால், காதுக்குப் பக்கத்தில் முதலாளி குரலில் "இன்னாம்மா, கவுண்டர்ல தூங்கிக்கினு இருக்கிற?" என்பாள். நான் பதறி எழுந்ததும் பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரிப்பாள். அவள் இல்லாவிட்டால் அந்த வேலையை எப்போதோ விட்டிருப்பேன். யாராவது எதற்காக இத்தனை நாள் அந்தக் கடையில் நின்றாய் என்று கேட்டால் முதல் பதில் அவள்தான்.

இரண்டாவது பதிலும் உண்டு. மருந்து கொடுப்பது எனக்குப் பிடிக்கும். மேல்சித்தாமூரிலிருந்து ஒரு பெரியவர் வருவார், சமண சமயத்தவர். கேப்சூல் வேண்டாம் என்பார், அதன் கூடு மாட்டின் எலும்பு, தோலிலிருந்து செய்தது என்று அவருக்குத் தெரியும். பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடமாட்டார். டாக்டர் பாட்டுக்கு "இரவு உணவுக்குப் பின்" என்று கிறுக்கியிருப்பார். நான் அவரை நிற்க வைத்து, டாக்டருக்குப் போன் போட்டு, கேப்சூலுக்குப் பதில் மாத்திரை எது என்று கேட்டு, ராத்திரி மாத்திரையைச் சாயங்காலம் ஐந்தரைக்குக் கொண்டுவந்தால் காலை மாத்திரையை எத்தனை மணிக்குத் தள்ள வேண்டும் என்று கணக்குப் போட்டு, உறையின் மேல் கொட்டை எழுத்தில் எழுதித் தருவேன். "பொறுமையா சொல்றீங்கம்மா, நல்லா இருங்க" என்று கையெடுத்துக் கும்பிடுவார். அன்றைக்கு முழுக்கக் கால் வலிக்காது. முன்பின் தெரியாத ஒருவருக்கு அத்தனை அக்கறை எடுத்துக்கொண்டவள்தான் நான். அதை இங்கே சொல்லிவைக்கிறேன், பெருமைக்காக அல்ல.

துண்டு டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் முழு அட்டை வாங்குகிறவர்கள் குறைவு. "ரெண்டு மாத்திரை குடுங்க", "நாளைக்கு வரைக்கும் குடுங்க" என்பார்கள். அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டித்தான் கொடுக்க வேண்டும். காலாவதி தேதி அச்சிட்ட பக்கத்தைக் கடையில் வைத்துக்கொண்டு மறுபக்கத்திலிருந்து வெட்ட வேண்டும் என்பது எழுதாத சட்டம். கூட்டத்தில் சில சமயம் கை மாறிவிடும். தேதி உள்ள துண்டு போய்விடும், பெயரும் தேதியும் இல்லாத மிச்சம் நம் கையில் நிற்கும். அதை விற்க முடியாது. கடாசவும் மனசு வராது. கவுண்டருக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுவைப்போம். அட்டையின் நிறத்தையும் மாத்திரையின் வடிவத்தையும் பார்த்தே எது என்னவென்று எனக்குச் சொல்லத் தெரியும்.

அந்த டப்பா எங்களுக்கு என்பது கடையின் வழக்கம். முதலாளியே சொன்னதுதான். "உங்களுக்கு எதுனா வேணும்னா அதுலேர்ந்து எடுத்துக்கங்க, நான் கேக்கவே மாட்டேன்." தாராளமாகச் சொன்னார். நாங்களும் அதைச் சலுகை என்றே நினைத்தோம். தலைவலி, இடுப்பு வலி, காய்ச்சல், எல்லாவற்றுக்கும் டப்பாதான் டாக்டர். லீவு கேட்க வேண்டாம், கிளினிக்கில் காத்திருக்க வேண்டாம். புது அட்டையில் கை வைத்தால் கம்ப்யூட்டரில் பில் போட வேண்டும், பில்லில் பெயர் வரும், அதை அவர் பார்ப்பார். டப்பாவுக்குக் கணக்குக் கிடையாது, கேள்வியும் கிடையாது.

பில் போடும் பெண் முழுகாமல் இருக்கிறாள் என்பதை அவள் சொல்வதற்கு முன்பே கண்டுபிடித்தேன். பரிசோதனை அட்டையை அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு, பில் போட வேண்டுமே என்று திரும்ப வைத்தாள். மூன்று வருஷம் காத்திருந்து வந்த கரு. பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, சாருக்கு மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள். காரணம் எனக்குத் தெரியும். அவளுக்கு முன்னால் விழுப்புரம் கடையில் இருந்த பெண்ணை ஐந்தாம் மாதத்தில், "வூட்ல ரெஸ்ட் எடும்மா, அப்பறம் பாத்துக்கலாம்" என்று அன்பாக அனுப்பி வைத்தார். அந்த அப்புறம் வரவே இல்லை. இவள் தளர்வான சுடிதாரும் கடை கோட்டும் போட்டுக்கொண்டு முடிந்தவரை மறைத்துப் பார்ப்பதாகச் சொன்னாள். ஏழாம் மாதம் வரைக்கும் வேலை செய்துவிட்டால் பிரசவத்துக்குக் கொஞ்சம் கையில் இருக்கும் என்பது அவள் எண்ணம்.

நான்காம் மாதம் ஒரு மதியம் என் பக்கத்தில் வந்து நின்று, "அக்கா, ஒண்ணுக்குப் போனா எரியுது" என்றாள். அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது. எனக்கே வருஷத்தில் இரண்டு தடவை வரும். டப்பாவைத் துழாவினேன். கர்ப்பிணிகளுக்கும் டாக்டர்கள் எழுதித் தருகிற மாத்திரை ஒன்று இருந்தது. துண்டில் மூன்றே மூன்று. "காலைல ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு போட்டுக்கினு வா" என்று கொடுத்தேன். இரண்டு நாளில் எரிச்சல் நின்றுவிட்டது. மூன்று வாரம் கழித்துத் திரும்ப வந்தது. திரும்ப டப்பா. இந்த முறை நான்கு. அதற்கடுத்த முறை இரண்டுதான் கிடைத்தது.

மருந்து தப்பில்லை. அதைப் பலமுறை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனால் அந்த மாத்திரையை அரைகுறையாகப் போட்டால் கிருமி சாகாது, கொஞ்ச நாள் பதுங்கி மேலே ஏறும் என்று படித்தவள் நான். கர்ப்பிணிக்குச் சிறுநீரில் கிருமி என்றால் உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்பதும் பாடத்தில் உண்டு. "டாக்டர்கிட்ட போயேன்டி" என்று ஒரு தடவை சொன்னேன். "லீவு போட்டா இன்னாத்துக்குன்னு கேப்பாருக்கா" என்றாள். நானும் அதோடு விட்டுவிட்டேன். வாடிக்கையாளர் யாராவது இரண்டு மாத்திரையோடு நிறுத்திக்கொள்கிறேன் என்றால் திட்டி அனுப்புகிறவள், அவளுக்கு மட்டும் இரண்டு இரண்டாகப் பொறுக்கிக் கொடுத்தேன்.

கழிவறை விஷயமாக முதலாளியிடம் பேசாமலும் இல்லை. ஒரு நாள் கடைக்கு வந்தவரிடம் கேட்டேன். "எதுத்தாப்ல பஸ் ஸ்டாண்டுல இருக்குதேம்மா" என்றார். "கூட்டமா இருக்கும் சார், டைம் ஆவுது, நீங்க வேற கேமராவுல..." என்று இழுத்தேன். "நானா போவாதன்னு சொன்னேன்? கவுண்டர காலியா வுடாதன்னுதான் சொன்னேன்" என்றார். நியாயமாகத்தான் பேசினார். அவர் எப்போதும் நியாயமாகத்தான் பேசுவார். உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது மறுநாளே இரண்டு ஸ்டூல் வாங்கிப் போட்டார். அவற்றின் மேல் ஒரு வாரத்தில் சத்துமாவு டப்பாக்கள் ஏறி உட்கார்ந்துகொண்டன.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கல்லூரி மாணவி ஆய்வுக்கென்று படிவத்தோடு வந்தாள். மருந்துக் கடை ஊழியர்களின் பணித் திருப்தி என்று தலைப்பு. மேலே இருந்து குரல் வந்தது. "என் பிரெண்டோட பொண்ணும்மா அது, நல்லபடியா எழுதிக் குடுங்க." கூட்டம் குறைந்த நேரத்தில் பில் போடும் பெண் கேள்விகளைப் படிக்கப் படிக்க நான் குறி போட்டேன். மேலாளருடன் உறவு, திருப்தி. வேலை நேரம், திருப்தி. பணியிடத்தில் அடிப்படை வசதிகள். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "மிகவும் திருப்தின்னு போடுங்கக்கா, ரொம்ப அடக்கி வெச்சிக்கினு இருக்கறோம்ல" என்றாள். கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தோம். குறியும் அங்கேயேதான் போட்டேன். மாணவி நன்றி சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு போனாள். அந்தப் படிவத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேல் ஆத்திரம் வருகிறது.

ஆறாம் மாதத் தொடக்கத்தில் ஒரு காலை பஸ்ஸில் அவள் பேசவே இல்லை. தொட்டுப் பார்த்தேன், கொதித்தது. திண்டிவனத்தில் இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டாள், குளிரில் பல் கிட்டியது. திரும்பிப் போ என்றேன். "வந்ததுதான் வந்துட்டோம், மத்தியானம் வரைக்கும் நின்னுட்டுப் போறேன்" என்றாள். பன்னிரண்டு மணி வாக்கில் பில் மெஷினைப் பிடித்தபடியே சரிந்தாள். தாங்கிப் பிடித்தபோதுதான் கோட்டுக்குள் இருந்த வயிறு என் கையில் பட்டது. கல் மாதிரி இறுகியிருந்தது. வலி தொடங்கிவிட்டது என்று அந்த நொடியில் புரிந்தது. மேலே குரல், "இன்னாம்மா ஆச்சு? பில் நிக்குது பாரு" என்றது. நான் முதல்முறையாகக் கேமராவைப் பார்த்துக் கத்தினேன். "புள்ளத்தாச்சி சார் அவ!" மேலேயிருந்து அப்புறம் குரல் வரவில்லை.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். கிருமி சிறுநீரகம் வரைக்கும் ஏறியிருந்தது. காய்ச்சலில் பிரசவ வலி கண்டுவிட்டது, நிறுத்த முடியவில்லை. ஆண் குழந்தை. அரை மணி நேரம் உயிரோடு இருந்தது என்று அவள் புருஷன் சொன்னான். சிமென்ட் ஒட்டிய கையோடு ஓடி வந்திருந்தவன் கையைக் கழுவிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

முதலாளி வருத்தப்பட்டார். "பாவம்மா, முன்னாடியே சொல்லியிருந்தா நானே ரெஸ்ட் எடுக்க அனுப்பியிருப்பேனே" என்றார். ஸ்டூலின் மேல் இருந்த சத்துமாவு டப்பா ஒன்றை அவளுக்குக் கொடுக்கச் சொன்னார். திருப்பிப் பார்த்தேன். காலாவதியாக ஒரு மாதம் இருந்தது.

அந்த டப்பாவோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா வீட்டுக்குப் போனேன். திருவெண்ணெய்நல்லூரில் இறங்கி, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே நடந்து போக வேண்டும். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். என்னைக் கண்டதும் அவள் அம்மா உட்காரச் சொல்லிவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவள் பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மார்பை ஒரு பழைய துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். பிள்ளை இல்லை என்று உடம்புக்குத் தெரியவில்லை, பால் சுரந்து கட்டிக்கொண்டுவிட்டது. துணி நனைந்திருந்தது. அதைப் பார்த்ததும் ஒத்திகை பார்த்ததெல்லாம் போய்விட்டது.

"நான்தான் உனக்கு முழுசா குடுத்திருக்கணும். டாக்டர்கிட்ட இழுத்துக்கினு போயிருக்கணும். எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் குடுத்தேன்" என்று அழுதேன்.

அவள் அழவில்லை. "எனக்கும்தான் தெரியும்க்கா" என்றாள். "நீங்க கஸ்டமருக்கு சொல்றத டெய்லி கேட்டுக்கினுதானே பில் போட்டேன். முழு அட்டை எடுத்தா பேரு வரும், வேலை பூடும்னு நானும்தான் சும்மா இருந்தேன்." பிறகு, "டாக்டரம்மா யாரு மாத்திரை குடுத்தாங்கன்னு கேட்டாங்க. நானே எடுத்துப் போட்டுக்கினேன்னு சொல்லிட்டேன். உங்க சர்டிபிகேட்டுக்கு ஒண்ணும் ஆவாது" என்றாள்.

அவள் என்னை நாலு வார்த்தை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். என்னைக் காப்பாற்றியிருக்கிறாள் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. நான் எழுந்து கிளம்பும்போது என் முந்தானையைப் பிடித்தாள். "என் எடத்துல ஆளு போட்டுட்டாராக்கா? வூட்லயே குந்திக்கினு இருந்தா அதே நெனப்பா இருக்குது. ஆஸ்பத்திரிக்கு வாங்கின கடனும் இருக்குது. சாருகிட்ட சொல்லுங்கக்கா."

ஆள் போட்டிருந்தார். ஆனால் புதிதாக வந்த பெண் இரண்டு வாரத்தில் சொல்லாமல் வேலையிலிருந்து நின்றுவிட்டாள். அதனால் நான் கேட்டதும் முதலாளி உடனே சரி என்றார். "நல்லா வேலை செய்யற பொண்ணு, வரட்டும்" என்றார். பிறகு, "ஒரு லெட்டர் மட்டும் எழுதி வாங்கிக்கம்மா. ரெண்டு வருஷத்துக்குக் கொழந்த கிழந்தன்னு எதுவும் கெடையாது, அப்படி எதுனா ஆனா நானே வேலைய வுட்டு நின்னுக்கறேன்னு. நாளைக்கு நமக்குத்தானே கெட்ட பேரு வருது" என்றார்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சட்டையைப் பிடிக்காவிட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாவது போயிருக்கலாம். என் பெண் பிளஸ் டூ படிக்கிறாள், அதை நினைத்துக்கொண்டேன்.

அவள் திரும்ப வந்த அன்று காலை, கடை திறந்ததும், கவுண்டரில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து நானே எழுதினேன். மருந்து உறைகளில் எழுதி எழுதி என் கையெழுத்து ரொம்பத் தெளிவாக இருக்கும். அவள் ஒருமுறை படித்துப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டு, "தேங்க்ஸ்க்கா" என்றாள்.